இலை எப்போது வரும் என்று கேட்கிறார்கள்

காலை ஆறேகால் மணிக்குப் புறவாசல் கதவைத் திறந்தால், கம்பியில் வரிசையாக 31 குச்சிகள் தொங்கும். ஒவ்வொன்றிலும் ஓர் ஆர்க்கிட் செடி, அதாவது சாம்பல் நிறத்தில் ஏழெட்டு வேர்கள். இலை கிடையாது. தண்டு என்று சுட்டிக் காட்டும்படியும் எதுவும் கிடையாது, நடுவில் மிளகு அளவுக்கு ஒரு முடிச்சு மட்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இதெல்லாம் பட்டுப்போச்சா?" என்று. இல்லை, உயிரோடுதான் இருக்கு என்று சொன்னால் அடுத்தது, "அப்போ இலை எப்போ வரும்?"

நான் பதில் சொல்வதில்லை. ஸ்ப்ரேயரை எடுத்து அவர்கள் கண் முன்னாலேயே ஒரு குச்சியில் தண்ணீர் தெளிப்பேன். சாம்பல் வேரில் துளி பட்ட இடத்தில் முதலில் ஒரு கரும்புள்ளி, அது பச்சையாகி இரண்டு பக்கமும் பரவும். சிலேட்டில் எழுதியதை ஈரத்துணியால் துடைக்கும்போது நிறம் மாறுமே, அந்த வேகத்தில். அரை நிமிடத்தில் வேர் முழுக்கக் கொத்தமல்லித் தண்டின் பச்சை வந்துவிடும். கொஞ்சம் குனிந்து பார்த்தால் அந்தப் பச்சையின் மேல் வெள்ளை வெள்ளையாகச் சின்னக் கோடுகள் நனையாமல் நிற்பது தெரியும். இந்தச் செடிக்கு வேர்தான் இலை. அதைச் சொல்வதைவிடக் காட்டுவது சுலபம்.

இதன் பெயர் கைலோஸ்கிஸ்டா பரிஷி. இமயமலையின் கிழக்குப் பக்கம், பர்மா, தாய்லாந்து என்று வளர்கிற ஆர்க்கிட். பர்மாவில் மௌல்மீனில் பாதிரியாராக இருந்துகொண்டே ஆர்க்கிட் சேகரித்த சார்லஸ் பரிஷ் என்பவரின் பெயரைத் தாங்கியது. இதே இனத்தில் ஃபேசியாட்டா என்று ஒன்று நம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காட்டு மரங்களில் இருக்கிறது. கிளை நிறைய வேராக ஒட்டியிருந்தாலும், பூ இல்லாத நாளில் யார் கண்ணிலும் படாது.

நான் தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். ரத்தப் பரிசோதனை லேப்பில் டெக்னீஷியன். 22 வருஷ வேலை. செடி வளர்ப்பில் படிப்பு எதுவும் இல்லை. ஆனால் கிருமி எங்கிருந்து வரும், எப்படிக் கொல்வது என்பது கைப்பழக்கம். அது பிற்பாடு எனக்கு எப்படி உதவியது என்பதற்குத்தான் இந்தப் பதிவே.

ஆரம்பம் ஒக்கிப் புயல். 2017 நவம்பர் 30. எங்கள் பக்கத்தில் அந்தக் காலையை யாரும் மறக்க மாட்டார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த பெரிய அயனி மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. கரண்ட் வர ஒன்பது நாள் ஆனது. மரத்தை அறுக்க ஆள் வந்தபோது மேல்கிளையில் தடித்த இலைகளோடு ஒரு மரவாழைக் கூட்டம் இருந்தது. மரத்தில் வளர்கிற ஆர்க்கிட்டுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் மரவாழை. வாழ்நாள் முழுக்க அந்த மரத்தடியில் துணி காயப்போட்டிருக்கிறேன், மேலே இது இருப்பது தெரியாது. கிளையோடு அறுத்துத் தரச் சொல்லிப் பலாமரத்தில் கட்டினேன்.

மாமிக்கு, அதாவது என் மாமியாருக்கு, பிடிக்கவில்லை. "புல்லுருவியைக் கொண்டு பலாவில கெட்டுகியே மக்களே, மரத்தைத் தின்னுப் போடுமே" என்றார்கள். நியாயமான பயம்தான். புல்லுருவி மரத்தின் கட்டைக்குள்ளே வேரைச் செலுத்திச் சாறு உறிஞ்சும். மரவாழை அப்படி இல்லை. பட்டையைப் பிடித்துக்கொண்டு மேலே உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். மழையும் காற்றும் பட்டையில் சேர்கிற தூசியும்தான் அதற்குச் சாப்பாடு. பட்டையைக் கொஞ்சம் சீவி, வேர் உள்ளே இறங்கவில்லை என்று மாமிக்குக் காட்டினேன். மே மாதம் அது ஊதாப்புள்ளி வைத்த வெள்ளைப் பூவாக ஒரு முழ நீளத்துக்கு நரிவால் போலத் தொங்கியது. ரிங்கோஸ்டைலிஸ் ரெடூசா. அசாமில் பிஹுவுக்குப் பெண்கள் தலையில் வைக்கிற பூ. அன்றிலிருந்து மாமியே அதற்குத் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தார்கள்.

அப்புறம் இணையத்தில் ஆர்க்கிட் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். இலையே இல்லாத ஆர்க்கிட் என்று ஒரு படம் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அது ஃபுளோரிடாவிலும் கியூபாவிலும் வளர்கிற பேய் ஆர்க்கிட். சதுப்பில் நிற்கிற மரத்தில் நாலு பச்சை வேர், அதன் முன்னால் அந்தரத்தில் வெள்ளையாக ஒரு பூ. அது நமக்குக் கிடைக்காது, சரி. நம் ஊர்ப்பக்கம் இப்படி ஏதாவது உண்டா என்று தேடினபோதுதான் கைலோஸ்கிஸ்டா என்ற பெயர் கிடைத்தது.

இங்கே நான் செய்த தவறைச் சொல்லியாக வேண்டும். 2018-இல் இணையத்தில் ஒருவர், 'இலையில்லா ஆர்க்கிட், அபூர்வம்' என்று 450 ரூபாய்க்கு விற்றார். விசாரிக்காமல் வாங்கினேன். பார்சலைப் பிரித்தால் செய்தித்தாளில் சுற்றின ஒரு வேர்க்கட்டு. எல்லா வேரின் நுனியும் அறுந்திருந்தது. வேரின் அடியில் மரப்பட்டைச் சில்லுகள், பட்டையில் பாசி, ஒரு கறையான் மண் துணுக்கு. இந்தச் செடி பட்டையில் ஒட்டினால் ஒட்டினதுதான், பிய்க்காமல் எடுக்க வராது. யாரோ காட்டில் ஒரு மரத்தில் கத்தியை வைத்துச் சீவி எடுத்திருக்கிறார்கள். எனக்குக் கை நடுங்கியது. நாற்பது நாள் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வேராகப் பழுப்பாகி உள்ளே கூடாகிவிட்டது. விற்றவருக்கு எழுதினேன். "வேற ஒண்ணு அனுப்புறேன், காட்டுல நிறைய இருக்கு" என்று பதில் வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அபூர்வம் என்று விற்கிறதை வாங்குகிறவர்கள் இதைக் கேட்டே ஆக வேண்டும்: எங்கே முளைத்தது? காட்டிலிருந்து ஆர்க்கிட்டை எடுப்பது சட்டப்படி குற்றம். ஆர்க்கிட் குடும்பம் முழுக்கவே நாடு விட்டு நாடு விற்பதற்கு சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாடு இருக்கிறது. சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்த அறுந்த வேர்நுனிகள். நர்சரியில் வளர்ந்த செடி அது வளர்ந்த குச்சியோடோ கூடையோடோ வரும், வேர்நுனி முழுசாக இருக்கும். பார்த்தாலே தெரிந்துவிடும். அன்றைக்கு எனக்கு அந்தப் பார்வை இல்லை.

இப்போது இருக்கிற தாய்ச்செடிகள் இரண்டும் 2019-இல் நெய்யாற்றின்கரைப் பக்கம் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரிடம் வாங்கியவை. ஊரே அவரை மாஷ் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே. பாட்டிலில் விதை முளைக்க வைத்து வளர்த்த செடிகள். ஒரே காயில் பிறந்தவை வேண்டாம் என்று, இரண்டு வேறு தாய்க்குப் பிறந்ததாகப் பார்த்துத் தந்தார். பணம் வாங்கும்போது ஒன்று சொன்னார்: "தண்ணி விடத் தெரிஞ்சா போதாது. உணங்க விடவும் தெரியணும்." உணங்குதல் என்றால் காய்தல்.

முதல் வருஷம் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தைத்தான் படித்தேன். ஆர்க்கிட் வேரின் மேல் வேலமன் என்று ஒரு உறை உண்டு. செத்த செல்களால் ஆன பஞ்சு மாதிரி. காய்ந்திருக்கும்போது உள்ளே காற்று நிறைந்திருப்பதால் வெள்ளிச் சாம்பலாகத் தெரியும். நனைந்ததும் கண்ணாடி போலாகி உள்ளே இருக்கிற பச்சையைக் காட்டும். தண்ணீரிலேயே ஊறிக் கிடந்தால் உள்ளே காற்றுப் போகாமல் வேர் அழுகிவிடும். நான் முன்னே சொன்ன வெள்ளைக் கோடுகள் காற்றுப் போகிற வழிகள், அதனால்தான் அவை நனைவதில்லை. இலை இருக்கிற செடிக்கு மூச்சுவிட, திறந்து மூடுகிற இலைத்துளை உண்டு. இந்த வேருக்கு அது இல்லை. இதே இனத்தின் உஸ்னியாய்டிஸ் என்கிற செடியை வைத்து 1985-இல் ஓர் ஆய்வு வந்தது. கள்ளியும் அன்னாசியும் செய்வது போல இரவில் கரியமில வாயுவை இழுத்து அமிலமாகச் சேர்த்து வைத்து, பகல் வெளிச்சத்தில் அதை எடுத்துச் சமைக்கிறது என்று கண்டார்கள். இலைத்துளையே இல்லாமல் இதைச் செய்கிறது. இதைப் படித்த பிறகு ராத்திரி அந்தப் பக்கம் போனால் செடி வேலை செய்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பு வராமல் இருக்காது.

நான் செய்கிறதைச் சொல்கிறேன். ஐம்பது சதவீத நிழல்வலை, கிழக்கு வெயில், நல்ல காற்றோட்டம். காலையில் ஒரு தடவை தெளித்து, பத்து நிமிஷம் விட்டு இன்னொரு தடவை. முதல் தடவை உறையைத் திறக்கும், இரண்டாவது தடவைதான் உள்ளே போகும். பதினோரு மணிக்குள் வேர் மறுபடி சாம்பலாகிவிட வேண்டும். ஆகவில்லையென்றால் காற்றுப் போதவில்லை என்று அர்த்தம், குச்சியை இடம் மாற்றுவேன். பங்குனி, சித்திரையில் மட்டும் சாயங்காலம் நாலு மணிக்கு இன்னொரு தெளிப்பு. இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை நாளில் ஸ்ப்ரேயரைத் தொடுவதே இல்லை. தண்ணீர் மழைநீர்தான், ஓட்டுக்கூரையில் இருந்து டிரம்மில் பிடிப்பது. கிணற்றுத் தண்ணீரை டி.டி.எஸ். மீட்டரில் பார்த்தபோது 140 காட்டியது, மழைநீர் 20. கிணற்றுத் தண்ணீர் தெளித்த மாதத்தில் வேரில் வெள்ளை உப்புப் படிந்தது. வாரம் ஒரு நாள் 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவு), லிட்டருக்குக் கால் கிராம். அதற்கு மேல் வேண்டாம். தை, மாசியில் உரத்தை நிறுத்தித் தண்ணீரையும் குறைப்பேன். பூந்தண்டு அப்போதுதான் முடிச்சில் இருந்து தலைகாட்டும்.

கட்டுகிற குச்சி முக்கியம். கொய்யா கூடாது, பட்டையை உரித்துவிடும். முருங்கை ஒரே வருஷத்தில் உளுத்துப்போகும். சப்போட்டாக் கிளை சொரசொரப்பாக, கெட்டியாக இருக்கிறது, நாலு வருஷமாகியும் உளுக்கவில்லை. காப்பிக் குச்சி கிடைத்தால் அதுவும் நல்லது. கட்டுவதற்குக் குளச்சல் கடையில் மீன்வலைக்கு விற்கிற தங்கூசி என்கிற நைலான் நரம்பு, மெல்லியது. வேரை அழுத்தாமல் முடிச்சுக்கு இரண்டு பக்கமும் ஒரு சுற்று. புது வேர் பட்டையைப் பிடித்ததும் வெட்டி எடுத்துவிடலாம்.

இந்தச் செடியைப் பெருக்குவதில் ஒரு சங்கடம் உண்டு. மற்ற ஆர்க்கிட்டுகளைப் போலக் கிழங்கைப் பிரித்து இரண்டாக்க முடியாது. ஒரே முடிச்சு, அதிலிருந்துதான் எல்லாம். வயதான செடியில் எப்போதாவது பக்கமுடிச்சு வரலாம். வேரை வெட்டி வைத்துப் பார்த்தேன், எனக்கு வரவில்லை. ஆக, விதைதான் வழி.

2020 ஏப்ரல். ஊரடங்கு. லேப் வேலை இருந்ததால் காலையில் போய் மதியம் வந்துவிடுவேன். இரண்டு செடியும் ஒரே வாரத்தில் பூத்தன. பஞ்சு போல நுண்ரோமம் மூடின தொங்குதண்டு, அதில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மஞ்சள் பூக்கள், இதழ் நிறையச் செம்பழுப்புப் புள்ளி. பல்குத்தும் குச்சியின் நுனியை ஒரு பூவின் நடுத்தூணில் மெல்ல உயர்த்தினால் மூடி கழன்று மகரந்தக்கட்டி ஒட்டிக்கொண்டு வரும். கடுகில் பாதிகூட இருக்காது. அதை மற்ற செடியின் பூவில், தூணுக்கு அடியில் ஈரமாக இருக்கிற குழியில் வைத்தேன். ஒன்பது பூவில் வைத்ததில் இரண்டு காய் பிடித்தது. இவ்வளவு சின்னச் செடிக்கு இரண்டு காயே பாரம் என்று மாஷ் போனில் சொன்னதால் ஒன்றைக் கிள்ளிவிட்டேன். கிள்ளும்போது மனசு கேட்கவில்லை.

ஆர்க்கிட் விதை மூக்குப்பொடி மாதிரி இருக்கும். ஒரு காயில் ஆயிரக்கணக்கில். ஆனால் நெல்லுக்குள் இருக்கிற அரிசி போல முளைக்குச் சாப்பாடு எதுவும் அதற்குள் இல்லை. காட்டில் ஒரு பூஞ்சைதான் அதற்குச் சோறூட்டும். 1899-இல் நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சுக்காரர் இதைக் கண்டுபிடித்தார். அந்தப் பூஞ்சை இல்லாமலே, சர்க்கரை கலந்த கூழில் விதையை முளைக்க வைக்கலாம் என்று 1922-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் நுட்சன் காட்டினார். நூறு வருஷமாக உலகத்தில் ஆர்க்கிட் பெருகுவது பெரும்பாலும் அந்தச் சர்க்கரைக் கூழில்தான். தொல்லை என்னவென்றால், சர்க்கரைக் கூழ் எல்லாக் கிருமிக்கும் விருந்து. ஒரு பூசண வித்து உள்ளே போனால் நாலே நாளில் பாட்டில் முழுக்கப் பஞ்சு.

இங்கேதான் 22 வருஷ லேப் கை எனக்குத் துணை வந்தது. லேப்பில் அழுத்த நீராவியால் கிருமியைக் கொல்கிற ஆட்டோகிளேவ் உண்டு. ஆனால் வேலை செய்கிற இடத்துச் சாமானைச் சொந்தக் காரியத்துக்குத் தொடுவதில்லை என்று இருக்கிறேன். அடுக்களையில் அம்மா கல்யாணத்துக்குத் தந்த பத்து லிட்டர் குக்கர் இருந்தது. குக்கர் வெயிட்டும் சுமார் ஒரு கிலோ அழுத்தம் பிடிக்கும், உள்ளே 120 டிகிரி வரும், ஆட்டோகிளேவிலும் அவ்வளவுதான். ஜாம் பாட்டில்களைச் சேர்த்தேன். மூடியில் ஆணியால் துளை போட்டுப் பஞ்சடைத்தேன். ஒரு லிட்டர் கூழுக்கு எம்.எஸ். பொடி (செடிக்கு வேண்டிய உப்புச்சத்துக் கலவை) பாதி அளவு, சீனி 20 கிராம், கடல்பாசிப் பொடி 8 கிராம், செவ்விளநீர் 150 மில்லி. பி.எச். தாளில் 5.6-க்கும் 5.8-க்கும் நடுவில் வரும்வரை சமையல் சோடாக் கரைசல் சொட்டுச் சொட்டாக. பாட்டிலில் இரண்டு விரற்கடை ஊற்றி, மூடியின் மேல் அலுமினியத்தாள் சுற்றி, முதல் விசிலுக்கு அப்புறம் சிறு தீயில் 20 நிமிஷம். குக்கர் தானாக ஆறட்டும், அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால் கூழ் பொங்கிப் பஞ்சு நனைந்துவிடும்.

செப்டம்பரில், ஐந்தாம் மாதம், காய் வெடிப்பதற்கு முன்னால் பச்சையாகவே அறுத்தேன். வெடித்துவிட்டால் விதையைத் தனியாகக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். பச்சைக் காய்க்குள் எந்தக் கிருமியும் இருக்காது, வெளித்தோலைக் கவனித்தால் போதும். சோப்பில் கழுவி, ஒரு சதவீத ஹைப்போவில் (சோடியம் ஹைப்போகுளோரைட்) 20 நிமிஷம் ஊறவைத்து, ஸ்பிரிட்டில் முக்கித் தீயில் காட்டி எடுப்பது. வேலை செய்ய, தெளிவான பிளாஸ்டிக் டப் ஒன்றைக் கவிழ்த்து வைத்து, கை நுழைய இரண்டு ஓட்டை வெட்டியிருந்தேன். மின்விசிறி நிறுத்தி, ஜன்னல் சாத்தி, வியர்வை சொட்டச் சொட்ட ராத்திரி பத்தரைக்கு ஆரம்பித்தேன். காயை நீளவாக்கில் பிளந்தபோது உள்ளே மஞ்சள் கலந்த வெள்ளையில், ஈரமான தலைமுடிக் கற்றை போல விதை ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தி நுனியில் எடுத்து 12 பாட்டிலில் தூவினேன்.

ஐந்தாம் நாள் இரண்டு பாட்டிலில் கருப்புப் பூசணம். பத்தாம் நாளைக்குள் ஒன்பது போய்விட்டது. ஸ்பிரிட் விளக்கை அணைத்துவிட்டுத்தான் டப்புக்குள் கையை விட்டேன், தீப்பிடிக்கும் என்ற பயத்தில். கத்தியைத் தொடர்ந்து சுடாததுதான் காரணம் என்று நினைக்கிறேன். இப்போது கத்திகளை முன்கூட்டியே குக்கரில் வேகவைத்து, பாட்டிலுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். ஒன்பது பாட்டிலையும் மூடியைத் திறக்காமல் மறுபடி குக்கரில் வேகவைத்துத்தான் கொட்டினேன். பூசணத்தைத் திறந்தால் வீடெல்லாம் வித்துப் பறக்கும், மாமிக்கு இழுப்பு வேறு.

மீதி மூன்று பாட்டிலைத் துணி அலமாரியின் மேல் வைத்து, தினமும் டார்ச் அடித்துப் பார்ப்பேன். ஏழாவது வாரம், தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், கூழின் மேல் ரவை தூவினது போல வெள்ளை உருண்டைகள் பருத்திருந்தன. அடுத்த வாரம் அவற்றில் பச்சை ஏறியது. மகளைத் தூக்கத்தில் இருந்து எழுப்பிக் காட்டினேன். "இதுக்காம்மா எழுப்புன?" என்றாள், ஆனால் டார்ச்சை வாங்கி அவளும் ரொம்ப நேரம் பார்த்தாள்.

2021 ஏப்ரலில் அவற்றைப் பத்துப் பாட்டிலுக்குப் பிரித்து மாற்றினேன். இந்தத் தடவை கூழில் கரித்தூள் ஒரு கிராம், அப்புறம் வாழைப்பழம் 50 கிராம். வாழைப்பழம் என்றால் எந்தப் பழம் என்று யாரும் சொல்வதில்லை. எங்கள் ஊரில் மட்டிதான். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கின கன்னியாகுமரி மட்டி. பிஞ்சுக்கு முதலில் தரும் பழம் என்று அதைக் குழந்தைகளுக்குக் கூழாக்கிக் கொடுப்போம், அந்த நினைப்பில்தான் நானும் போட்டேன். வேர் நன்றாகவே விட்டது. மற்றப் பழத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். ஒவ்வொரு பச்சை உருண்டையின் உச்சியிலும் மூன்று மில்லிமீட்டருக்கு ஓர் இலை இருந்தது. கூர் நுனி, நடுவில் மடிப்பு, சந்தேகமே இல்லாமல் இலை. இலையில்லாத ஆர்க்கிட்டுக்குப் பிள்ளைப் பருவத்தில் இலை இருக்கிறது. வேர் இரண்டு வந்து தடித்துப் பச்சையானதும் இலை மஞ்சளாகி விழுந்துவிடும். பெரிய செடியிலும் எப்போதாவது மழைக்காலத்தில் ஒன்றிரண்டு வந்து போகும். லென்ஸ் வைத்து எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை, அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்த சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன்.

பாட்டிலில் இருந்து வெளியே எடுப்பதற்கு இடவப்பாதி வரைக்கும் காத்திருந்தேன், காற்றில் ஈரம் இருக்கும் என்று. 2022 ஜூன் முதல் வாரம், 64 செடிகள். கூழ் கொஞ்சம்கூட ஒட்டியிருக்கக்கூடாது, இருந்தால் பூசணம் பிடிக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு வேராகக் கழுவி, சப்போட்டாக் குச்சியில் கட்டி, முதல் மூன்று வாரம் மூடியைப் பாதி திறந்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்தேன். பாட்டிலுக்குள் வளர்ந்த வேர் மழமழவென்று மென்மையாக இருக்கும், வெளிக்காற்றில் பாதி காய்ந்துபோகும். பயப்பட வேண்டாம். நுனியில் புதிதாக வருகிற வேர்தான் இனி வாழப்போகிற வேர்.

அந்த மழையில் 19 அழுகிப் போயின. பெட்டிக்குள் சின்ன விசிறி ஒன்று வைத்த பிறகு சாவு நின்றது. அப்புறம் நத்தை. அரிசி மணியளவுக்கு ஒரு நத்தை, பகலில் குச்சியின் பின்புறம் பட்டை இடுக்கில் ஒளிந்திருக்கும். ராத்திரி வந்து வேர்நுனியை மட்டும், சரியாக அந்த இளம்பச்சை மூன்று மில்லிமீட்டரை மட்டும், தின்றுவிட்டுப் போகும். நுனி போனால் அந்த வேர் மேலே நீளாது. இரண்டாவது வருஷம் முழுக்க ராத்திரி ஒன்பதரைக்கு டார்ச்சும் சாமணமுமாக அலைந்தேன். வெள்ளரித் துண்டு வைத்தால் அதற்கு வருகிறது, விடியுமுன் துண்டோடு எடுத்துவிட வேண்டும். அணில் வேறு. ஈரம் நிற்கட்டும் என்று முடிச்சைச் சுற்றி நான் வைத்திருந்த தேங்காய் நாரைக் கூட்டுக்காக இழுத்ததில் செடியும் சேர்ந்து போனது. நாரை எடுத்தபின் அணில் வரவில்லை, செடிக்கும் நார் தேவைப்படவில்லை. இப்படி நத்தையும் அணிலுமாக ஒன்பது. ஏழு செடிகளை, வளர்க்கத் தெரிந்த நாலு பேருக்குக் கொடுத்தேன், அதில் இரண்டு மாஷ் வீட்டில் இருக்கிறது. பிள்ளைகள் 29, தாய்கள் 2. அதுதான் 31.

ஃபுளோரிடாவின் பேய் ஆர்க்கிட்டையும் இப்படித்தான் கூழில் பெருக்கினார்கள் என்று பிற்பாடு படித்தேன். லிண்டன் என்ற பெல்ஜியம் பக்கத்துச் சேகரிப்பாளர் 1844-இல் கியூபாவில் கண்ட செடி அது. ஃபுளோரிடா சதுப்பில் களவு போய்ப் போய் அருகிவிட்டது. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கேன் குழுவினர் காய் வாங்கி, கூழில் முளைக்க வைத்து, பிள்ளைகளை மறுபடி சதுப்பு மரங்களில் கட்டினார்கள். அந்தப் படங்களில் மரத்தில் கட்டின சின்ன வேர்க்கட்டுகளைப் பார்த்தபோது எங்கள் புறவாசலைப் பார்த்தது போலவே இருந்தது. என் செடிகளை நான் எந்தக் காட்டிலும் கட்டப் போவதில்லை. பரிஷி நம் மலைக்குரிய செடி இல்லை, இங்கே கொண்டு கட்டுவது தப்பு. ஆனால் ஃபேசியாட்டாவுக்கு இதே குக்கரும் கூழும் போதும். வனத்துறை அனுமதியோடு, தாவரவியல் படித்தவர்கள் யாராவது ஒரே ஒரு காயை எடுத்துச் செய்தால், விலைக்காகக் கத்தி வைக்கிறவனுக்குக் காட்டுக்குப் போகும் அவசியமே இருக்காது. 450 ரூபாய்க்குப் பிய்த்துத் தருவதை 200 ரூபாய்க்கு, வேர்நுனி முழுசாக, குச்சியோடு தரலாம். கூழ், பாட்டில், கேஸ் எல்லாம் சேர்த்து என் 64 செடிக்கு ஆன செலவு இரண்டாயிரத்துச் சொச்சம்தான். கணக்கு நோட்டில் இருக்கிறது.

இந்த மாசியில் 17-ஆம் எண் குச்சியில் முடிச்சின் ஓரத்தில் ஏதோ பிதுங்கியிருந்தது. வேர் என்று நினைத்தேன். வேரின் நுனி வழுவழுப்பாக இருக்கும், இதில் ரோமம் இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பூந்தண்டு. பாட்டிலில் பிறந்த பிள்ளைகளில் முதல் பூந்தண்டு. இப்போது நாலு சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, எந்தக் குச்சி என்று கேட்டு, கிட்டே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். "ஒம்பது மொட்டு இருக்கு மக்களே" என்றார்கள். நான் எண்ணினேன், எட்டுதான் வந்தது. மறுபடி எண்ணினேன். ஒன்பதாவது நுனியில், கசகசா அளவுக்கு இருந்தது.